காளை எங்கே?

“அப்பா, மாடு எங்கப்பா?”

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் ஒரு சனிக்கிழமை மதியம். கேட்ட பையனுக்கு ஏழு வயது இருக்கும். “ரிஷபம்னா காளை மாடு. இவர் காளை வாகனத்துல வர்ற சாமி” என்று ஒரு நிமிடத்துக்கு முன்னால் அப்பாதான் பெயர்ப்பலகையைப் படித்து விளக்கியிருந்தார். சொன்ன வாய் மூடவில்லை, கேள்வி வந்துவிட்டது. அப்பா சிலையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பின்பக்கமும் எட்டிப் பார்த்தார். “இருந்துச்சுடா. இப்ப இல்ல” என்றார்.

அதைவிடச் சரியான பதிலை நான் எந்தக் கலைப் புத்தகத்திலும் படித்ததில்லை.

திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரை நான் அன்றோடு நான்காவது முறையாகப் பார்க்கிறேன். முதல்முறை கல்லூரிச் சுற்றுலா. அறுபது பேர் வரிசையாக உள்ளே போய் வரிசையாக வெளியே வந்தோம். அன்றைக்குப் பெரிய கோயில் வாசலில் குடித்த கரும்புச்சாறுதான் நினைவில் நிற்கிறது. சிலை எதுவும் இல்லை. இரண்டாம் முறை அவருடைய தலையைப் பார்த்தேன். சடையையே பாம்புபோலச் சுருட்டிச் சுருட்டித் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய மாப்பிள்ளை மாதிரி நிற்கிறார். மூன்றாம் முறைதான் கை கண்ணில் பட்டது. ஒரு கையை முழங்கையில் மடித்து, விரல்களைத் தளரவிட்டு, வெறும் காற்றின் மேல் சாய்த்து வைத்திருக்கிறார். திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசுகிறவரின் சாய்மானம் அது. தூண்தான் இல்லை. அந்த இடத்தில் காளை நின்றிருந்தது.

இந்தத் திருமேனிக்குப் பிறப்புச் சான்றிதழ் உண்டு. 1011-ல், முதலாம் ராஜராஜன் ஆட்சியில், கோலக்கவன் என்பவர் இதைக் கொடுத்ததாகத் திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அம்மன் அடுத்த வருடம், 1012-ல் வந்து சேர்ந்தாள். தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிந்த சூடு ஆறாத காலம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் இவ்வளவு துல்லியமாக வயது தெரிந்தவை மிகக் குறைவு. பிறகு ஏதோ ஒரு கெட்ட காலத்தில், படையெடுப்புக்கு அஞ்சி என்பது பொதுவான கருத்து, சாமிகளை மண்ணுக்குள் இறக்கினார்கள். 1950-களின் தொடக்கத்தில் மண் அவரைத் திருப்பித் தந்தது. அம்மனையும் தந்தது. காளையை மட்டும் தரவில்லை.

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. மியூசியம் என்றதும் “பார்த்தாச்சே!” என்போம். கபாலீசுவரர் கோயிலை யாரும் ‘பார்த்தாச்சு’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. மெரினாவையும் அப்படித்தான். அங்கெல்லாம் போய்க்கொண்டே இருக்கிறோம். மியூசியம் மட்டும் பள்ளிக்கூடச் சுற்றுலாவோடு முடிந்துபோன கணக்கு. அதற்குப் பிறகு வெளியூர் விருந்தாளி வந்தால் கூட்டிப்போகிற இடம். என் அனுபவத்தில் முதல் தடவை போகிறவர் அங்கே இருப்பதைத்தான் பார்க்கிறார். அதுவே நிறைய, கண் நிரம்பிவிடுகிறது. அங்கே இல்லாதது கண்ணில் படுவதற்கு மூன்று நான்கு தடவையாவது போகவேண்டியிருக்கிறது. மியூசியத்தின் சுவாரசியமே அந்த இல்லாததில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

செத்த காலேஜ்

சென்னையின் பழைய ஆட்கள் எழும்பூர் மியூசியத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலை உசிர் காலேஜ். கேலியாகத் தோன்றினாலும் இதில் ஒரு சரித்திரம் ஒளிந்திருக்கிறது. 1851-ல் மதராஸ் மியூசியம் தொடங்கியது, இன்றைக்குக் கல்லூரிச் சாலை என்று அழைக்கப்படும் தெருவில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில்தான். முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவர். 1854-ல் இடம் போதாமல் எழும்பூரில் ‘பாந்தியன்’ என்ற பழைய கேளிக்கை மாளிகைக்குக் குடிபெயர்ந்தார்கள். பாந்தியன் சாலைக்கு அந்தப் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. ஜனங்களை வரவழைக்கப் பால்ஃபர் ஒரு புலிக்குட்டியையும் சிறுத்தையையும் வளாகத்தில் கொண்டுவந்து வைத்தார். கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. ஆர்க்காட்டு நவாபிடம் பேசி அவருடைய மிருகங்களையும் வாங்கினார். சில வருடங்களில் அந்த மிருகங்கள் சென்ட்ரல் பக்கத்து பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-ல் வண்டலூர் சேர்ந்தன. உயிர் உள்ளவை ஒரு பக்கம், பாடம் செய்தவை ஒரு பக்கம் என்று பிரிந்தபோது ஜனங்களும் பெயரைப் பிரித்துக்கொண்டார்கள். ‘காலேஜ்’ மட்டும் இரண்டுக்கும் பொதுச் சொத்தாக நின்றுவிட்டது.

எழும்பூருக்கு நான் எத்தனை முறை போயிருக்கிறேன் என்ற கணக்கு இல்லை. சின்ன வயதில் திமிங்கில எலும்புக்கூட்டுக்காக. அந்த விலா எலும்புகளுக்குக் கீழே அண்ணாந்து நின்ற குழந்தை எவருக்கும் கழுத்து வலி மறந்திருக்காது. வளர்ந்த பிறகு அந்த அறைக்கு நான் போகவில்லை. பெரியவர்கள் யாருமே தனியாக அங்கே போவதில்லை. போகவேண்டும்.

கல் ஆயுதங்கள் இருக்கும் பக்கமோ எப்போதும் வெறிச்சோடிக் கிடக்கிறது. பார்க்க அழகில்லாத பொருள்கள்தாம், ஒப்புக்கொள்கிறேன். ஜல்லி லாரியிலிருந்து விழுந்தவை என்றாலும் நம்பலாம். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863 மே 30 அன்று பல்லாவரத்துச் செம்மண் பரலுக்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கோடாரி என்று கண்டுகொண்டார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சாட்சி அது. அதே வருடம் அத்திரம்பாக்கத்திலும் கற்கள் கிடைத்தன. அந்த இடத்தில் பின்னாளில் ஆய்வு செய்தவர்கள் அங்கே மனிதன் கல் உடைத்த வயதைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். ஃபூட் தன் சேகரிப்பை 1904-ல் சென்னை அரசுக்கு விற்றார். மியூசியத்துக்கு அது வந்தது.

பல்லாவரம் இன்று விமான நிலையத்துக்கு அடுத்த ஊர். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் பேர்போனது. ஓடாத சுவர்க்கடிகாரம், பழைய கிராமபோன், யார் வீட்டு உத்தரமோ, யார் தாத்தாவின் மூக்குக் கண்ணாடியோ எல்லாம் அங்கே தரையில் விரித்துக் கிடக்கும். பழைய சாமான் விற்கும் ஊரில்தான் இந்த நாட்டின் பழம்பெரும் சாமானும் கிடைத்திருக்கிறது.

எல்லாப் பெருமைக்கும் நடுவே எழும்பூர் மியூசியத்துக்கு வேறு ஒரு முகமும் உண்டு. 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதி எழுதியவர், அளவுகோலும் கையுமாகத் திரிந்தார். மூக்கின் நீளம், அகலம், மண்டையின் சுற்றளவு என்று எழுதி வைத்தார். மியூசியம் பார்க்க வந்தவர்களையும் விடவில்லை. பார்க்கப் போனவனையே காட்சிப்பொருளாக்கியதை என்னென்று சொல்வது! எந்தப் பெட்டியிலும் இந்தச் செய்தி எழுதியிருக்காது. ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நடைகளில் நடக்கும்போது என் கை தானாக மூக்குக்குப் போகிறது.

ஒரே யானை, இரண்டு முறை

எழும்பூரில் ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்கலாம் என்று சொன்னால் எதைப் பார்ப்பீர்கள் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நடராஜரைச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் சொல்வது அமராவதி யானையை.

வட்டமான சுண்ணாம்புக்கல் பலகை. நளகிரி என்ற மதயானையைப் புத்தர் மேல் ஏவிவிட்ட கதை. சிற்பி ஒரே வட்டத்துக்குள் யானையை இரண்டு முறை செதுக்கியிருக்கிறான். இடப்பக்கம் அது ஊரைத் துவம்சம் செய்துகொண்டு வருகிறது. ஆள் காலடியில் மிதிபடுகிறான், ஜனங்கள் சிதறி ஓடுகிறார்கள். வலப்பக்கம் அதே யானை புத்தரின் காலில் மண்டியிட்டுக் கிடக்கிறது. மாடியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு பெண் பயத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பற்றிக்கொள்கிறாள். நம்ம ஊரில் கோயில் யானை மிரண்டால் தெருவில் என்னென்ன நடக்குமோ அத்தனையும் அந்த ஒரு வட்டத்துக்குள் நடக்கிறது. முதலில் இதை வெறும் நெரிசல் என்று நினைத்துக் கடந்துபோனேன். யானை ஒன்றுதான், காலம்தான் இரண்டு என்று புரிந்தது மூன்றாவது முறைக்குப் பிறகு. அதற்கப்புறம் அந்தக் கல்லில் இடமிருந்து வலமாகக் காலம் நகர்வதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இங்கேயும் இல்லாதது ஒன்று உண்டு, கொஞ்சம் பெரியது. இந்தப் பலகைகள் அலங்கரித்த அமராவதி ஸ்தூபியே இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாசிரெட்டி வெங்கடாத்ரி நாயுடு என்ற ஜமீன்தார் ஊர் கட்டக் கல் தேடி அந்த ஸ்தூபி மேட்டைத் தோண்டவைத்தார். 1797-ல் காலின் மெக்கன்சி வந்து பார்த்தார். 1816-ல் திரும்பவும் வந்து வரைபடங்கள் வரைந்தார். 1845-ல் வால்டர் எலியட் அகழ்ந்து எடுத்துக் கற்களைச் சென்னைக்கு அனுப்பினார். அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவை 1859-ல் லண்டனுக்குக் கப்பல் ஏறின. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் அவற்றுக்குத் தனிக்கூடம். பிறகு தோண்டியெடுத்தவற்றில் பல எழும்பூருக்கு வந்தன. ஆக, கதையின் ஒரு பாதி பாந்தியன் சாலையில், மறு பாதி தேம்ஸ் கரையில், இடம் மட்டும் கிருஷ்ணா நதிக்கரையில். இதில் ஒரு விந்தை: ஸ்தூபியின் சில பலகைகளில் ஸ்தூபியையே செதுக்கியிருக்கிறார்கள். அது நின்ற கோலம் எப்படி என்று நமக்குத் தெரிவது அந்தப் பலகைகளால்தான். தொலைந்துபோன வீடு, தன் போட்டோவைத் தன் செங்கல்லிலேயே ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

லண்டன் பாதியை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால், வெப்பமும் ஈரமும் அளவாக, நல்ல வெளிச்சத்தில் இருந்தது. எழும்பூரில் நான் பார்த்தபோது பல கற்கள் சுவரிலேயே பதிக்கப்பட்டு, சென்னைக் காற்றையும் சுவாசித்துக்கொண்டு நின்றன. எது நல்லது என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. ஆனால் எழும்பூரில் கல்லுக்கு முன்னால் நிற்கும்போது வெளியே ஆட்டோ ஹாரன் கேட்கிறது. நளகிரி ஓடிவரும் தெருவுக்கு அந்தச் சத்தம் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை விடுமுறை

எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஊரில் எல்லாச் சாமிக்கும் வெள்ளிக்கிழமைதான் வேலை அதிகம். இங்கே இருக்கும் சாமிகளுக்கு அன்றைக்குத்தான் ஓய்வு.

செப்புத் திருமேனிக் கூடத்தில் ஒருநாள் ஒரு பாட்டி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பேச்சில் தஞ்சை வாடை. ஒவ்வொரு பெட்டியாக நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். காவலர் கொஞ்சம் நெருங்கிவந்து, “கும்பிட்டுக்குங்க பாட்டி, தொட்ராதீங்க” என்றார். “தொடலப்பா. ஒரு வௌக்குகூட இல்லியே, இதுக” என்றார் பாட்டி. காவலர் மேலே குழல்விளக்கைக் காட்டினார். பாட்டி அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பாட்டி சொன்னது சரி. விளக்கு இல்லை, எண்ணெய்க்காப்பு இல்லை, பட்டு இல்லை, மாலை இல்லை, தவில் இல்லை. ஆனால் இவை இல்லாததால் கிடைத்த ஒன்று உண்டு. கோயிலில் உற்சவரின் முகத்தை மட்டும்தான் பார்க்கிறோம். மற்றதெல்லாம் பட்டுக்கும் பூவுக்கும் பின்னால். ஸ்தபதி மெழுகில் இழைத்த முதுகை, இடுப்பின் மடிப்பை, பின்னங்கழுத்தில் இறங்கும் சடையைக் கோயிலில் பார்த்தவர் பட்டரைத் தவிர யாருமில்லை. திருவெண்காட்டு அர்த்தநாரி இங்கே இருக்கிறார். வலப்பக்கம் ஆணுக்கு இரண்டு கை, இடப்பக்கம் பெண்ணுக்கு ஒரே கை. ஆக மூன்று கை. முன்னால் நின்று பார்க்கும்போது இந்தக் கணக்கு உறைப்பதில்லை. கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து இரண்டு இடுப்புகளும் எப்படி ஒன்றாகின்றன என்று பாருங்கள். தையல் தெரியாது.

திருவாலங்காட்டு நடராஜரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் சும்மா விடமாட்டார்கள். இந்த நடராஜருக்குச் சுற்றிலும் தீச்சுடர் விடும் திருவாசி இல்லை. விரிந்து பறக்கும் சடையும் இல்லை. காலண்டர் நடராஜரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் ஏமாற்றம்தான். சுற்றிலும் எதுவும் இல்லாததால்தான் உடம்பு முழுக்க நமக்குக் கிடைக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதன் இதன் புகைப்படங்களைப் பார்த்து மயங்கி ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு 1921-ல் அது அச்சேறியது. அவர் சிலையை நேரில் பார்த்ததே இல்லை. நமக்கோ எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்.

இந்தச் சாமிகள் எல்லாம் எப்படி இங்கே வந்தார்கள்? பெரும்பாலும் கடைக்காலுக்கும் கிணற்றுக்கும் தோண்டியவர்களின் மண்வெட்டி முனையில் ஏறி. 1878-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதையல் சட்டப்படி, மண்ணில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்லியாகவேண்டும். கலெக்டரிடமிருந்து மியூசியத்துக்கு. பத்து ரூபாய்ச் சட்டத்தின் வலையில் விழுந்த பொருள்களுக்கு இன்று விலை சொல்ல ஆளில்லை.

பக்கத்திலேயே நாகப்பட்டினத்துப் புத்தர்கள். 1856 முதல் அந்த ஊர் மண்ணில் கிடைத்தவை சுமார் 350. உள்ளங்கை உயரத்தில் இருக்கிறவர்களும் உண்டு. ஸ்ரீவிஜய அரசன் அங்கே சூடாமணி விகாரம் எழுப்பினான். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே விட்டுக்கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று கடல் கடந்த ஊரின் பெயரால் அறியப்பட்டுவிட்ட அந்தச் செப்பேடுகள் அதைத்தான் சொல்கின்றன. நாகப்பட்டினத்தில் மிஞ்சியிருந்த பழைய கோபுரத்தை 1867-ல் இடித்துவிட்டார்கள். மாலுமிகளுக்கு அடையாளமாக நின்ற கோபுரம் போயிற்று; பயணிகள் மடியில் வைத்துக் கும்பிட்டிருக்கக்கூடிய குட்டிப் புத்தர்கள் தங்கிவிட்டார்கள்.

மூடிய குழிகள்

ஆதிச்சநல்லூரை எழும்பூரிலும் பார்க்கலாம், ஆதிச்சநல்லூரிலும் பார்க்கலாம், பெர்லினுக்கும் அதில் ஒரு பங்கு போயிருக்கிறது. 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தாமிரபரணிக் கரையில் தோண்டி, எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அலெக்சாண்டர் ரீ 1899-ல் தொடங்கிச் சில ஆண்டுகள் தோண்டியவை எழும்பூர் வந்தன. தாழிகள், இரும்பு வாள்கள், வெண்கலப் பாத்திரங்கள், நெற்றியில் கட்டும் மெல்லிய தங்கப் பட்டங்கள். செத்தவர் நெற்றியில் தங்கம் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். நாம் ஒரு ரூபாய்க் காசோடு நிறுத்திக்கொண்டோம்.

2023-ல் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டுத் திறந்தார்கள். காலுக்குக் கீழே தாழிகள் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. எழும்பூரில் தாழியைப் பார்த்தவர்கள் அங்கேயும் ஒருமுறை போய்வர வேண்டும். பெட்டிக்குள் தாழி என்பது ஒரு பானை. பரம்பு மண்ணில், பக்கத்து ஊரின் ஆடுகள் மேயும் சத்தத்துக்கு நடுவே, அது ஒரு ஆள்.

கீழடி வேறு மாதிரி. மதுரையிலிருந்து ராமேசுவரம் போகிற சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடு போல முற்றமும் தூண்களுமாக நிற்கிறது. உள்ளே திரைகளும் ஒலி ஒளியும். முதல்முறை போனபோது எனக்குச் சத்தம் அதிகமாகப் பட்டது, கூட்டமும் அதிகம். பிறகு ஒரு வார நாள் காலையில் போனேன்.

அப்போது நின்ற இடம் சில்லுகளுக்கு முன்னால். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த விளையாட்டுச் சில்லு. பாண்டி ஆடிய எந்தப் பெண்ணுக்கும் விளக்கம் தேவையில்லை. என்னோடு வந்த என் அக்கா கண்ணாடியில் விரலை வைத்து, “இது நல்ல சில்லு. அது ஓரம் சரியா தேய்க்கல, கட்டத்துல நிக்காது” என்று தரம் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். கி.மு. 580 என்று ஒரு மாதிரிக்குக் காலக்கணிப்பு வந்ததை 2019-ல் தமிழகத் தொல்லியல் துறை அறிவித்தபோது தமிழ்நாடே துள்ளியது. எண்ணைவிட எனக்கு அக்காவின் தீர்ப்பு நெருக்கமாக இருந்தது. பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று தமிழ்ப் பிராமியில் கீறியிருக்கிறார்கள். அரசன் கல்வெட்டு இல்லை. தன் பானை அடுத்தவர் வீட்டுக்குப் போய்விடக்கூடாது என்ற கவலை. என் பாட்டியும் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டி வைத்திருந்தார்.

கீழடியில் இல்லாதது என்ன? வழிபாட்டுப் பொருள் என்று உறுதியாகச் சுட்டிக்காட்ட எதுவும் வெளிப்படவில்லை என்பது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அதை வைத்துச் சண்டையே நடந்தது. எனக்கு உறுத்தியது குழிகள். ஆரம்பக் கட்ட ஆய்வுகள் நடந்தது தனியார் தென்னந்தோப்புகளில். தோண்டி, படம் எடுத்து, அளந்து, திரும்ப மண் போட்டு மூடித் தோப்பைத் தோப்புக்காரரிடம் ஒப்படைத்தார்கள். ஆய்வு முறை அப்படித்தான். மியூசியத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அந்தத் தோப்புகளின் பக்கம் நடந்தால், இளநீர் வெட்டிக்கொடுப்பவர் “அதோ, அந்த மரத்துக்கு அடியிலதான் சார் செங்கல் செவுரு” என்று கையைக் காட்டுவார். பார்க்க ஒன்றும் இருக்காது. இளநீர் நன்றாக இருக்கும்.

ஒரு துணி

மதுரையில் காந்தி மியூசியத்தைத் தமுக்கத்துப் பக்கம் ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனையில் வைத்திருக்கிறார்கள். 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்தார். புகைப்படம், கடிதம், கண்ணாடி, செருப்பு என்று எல்லாக் காந்தி மியூசியங்களையும் போலத்தான். ஒரு அறையில் மட்டும் ஜனங்களின் பேச்சு தானாக நின்றுவிடும். அவர் சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த துணியின் பகுதி அங்கே இருக்கிறது, ரத்தக்கறையோடு. கறை இப்போது ரத்த நிறத்தில் இல்லை.

இந்தத் துணி மதுரைக்கு வந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீடு ஒன்றில் தங்கியிருந்தபோதுதான் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு அரையாடைக்கு மாறினார். வழியெல்லாம் அவர் பார்த்த ஜனங்களிடம் அதற்கு மேல் துணி இல்லை. அந்தக் கோலத்தில் அவர் முதலில் பேசிய இடத்துக்குக் காந்தி பொட்டல் என்று பெயர். அவர் துணியைக் குறைத்துக்கொண்ட ஊர் அது. அவருடைய கடைசித் துணியும் அந்த ஊருக்கே வந்து சேர்ந்தது.

நான் மதுரைக்குப் போகும்போதெல்லாம் இந்த அறைக்குப் போவதில்லை. போக முடிவதில்லை என்பதுதான் உண்மை. மூன்று முறை போயிருக்கிறேன். மூன்றாம் முறை, பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் ஒரு சிறுமி, “துவைச்சா போயிடும்ல டீச்சர்?” என்று கேட்டாள். டீச்சர் பதில் சொல்லவில்லை.

எப்படிப் போவது

கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: முழுசாகப் பார்க்கவேண்டும் என்ற பிடிவாதத்தை வாசலில் செருப்போடு விட்டுவிடுங்கள். ஒரு அறை போதும். அந்த அறையிலும் ஒரு பொருள் போதும். புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய பழைய மியூசியம் இருக்கிறது. பேருந்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தால் போய் உட்காரலாம், கூட்டம் இராது. முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவுக்கு ஆறேழு முறை போயிருக்கிறேன். பிரித்துக்கொண்டுவந்து திரும்பக் கட்டிய வீடுகளின் ஊர் அது. அங்கே குழந்தைகளை ஓடவிட்டுவிட்டு ஒரு திண்ணையில் உட்கார்ந்துகொள்வேன். நம் சொந்த வீடுகளில் இல்லாதது அதுதானே. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டைக்குள் சின்ன மியூசியம். அங்கே பொருள்களைவிட ஜன்னல் வழியே தெரியும் கடல் அழகு. இப்படிச் சொன்னதற்கு அங்கே வேலை செய்பவர்கள் என்னை மன்னிக்கவேண்டும்.

கைபேசியில் எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு போகிறவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. நானும் எடுப்பவன்தான். ஆனால் என்னிடம் இருக்கும் ரிஷபவாகனர் படங்கள் பன்னிரண்டிலும் அந்தக் கை காளையோடு இருப்பது போலத்தான் எனக்குத் தெரிகிறது. காளை இல்லை என்று பார்க்க நேரில்தான் போகவேண்டியிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்பிப் போகிறேன். “இருந்துச்சுடா. இப்ப இல்ல” என்று அப்பா சொன்னதும் பையன் சிறிது நேரம் யோசித்தான். பிறகு சிலைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, அதே மாதிரி ஒரு காலை ஊன்றி, மறு காலைத் தளர்த்தி, முழங்கையை மடித்தான். சாய ஒன்றும் இல்லாமல் கை ஆடியது. “ஏய், இங்க வா” என்று நான்கு வயதுத் தங்கையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, அவள் தலைமேல் முழங்கையை வைத்துக்கொண்டான். உயரம் கனகச்சிதம். அம்மா கைபேசியை எடுத்தார். “அசையாதடி, நீதான் மாடு” என்றான் அண்ணன்.

அவள் ஒரு நொடி கம்பீரமாக நின்றாள். பிறகு “நான் மாடு இல்ல” என்று அழுதுகொண்டே அப்பாவிடம் ஓடினாள். அண்ணனின் கை அங்கேயே, அந்தரத்தில் நின்றது.